பள்ளியில் கறுப்பின மாணவர்களுக்காக நிற்பது: எந்த வழி, எப்போது?

அமெரிக்காவில் பிள்ளைகளை அரசுப் பள்ளியான பப்ளிக் ஸ்கூலுக்கு அனுப்பும் தமிழ்ப் பெற்றோரிடமிருந்து இரண்டு கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒன்று: "என் மகள் வகுப்பில் இரண்டு பையன்கள் அடித்துக்கொண்டார்கள். வெள்ளைக்காரப் பையனை எச்சரித்து விட்டுவிட்டார்கள். கறுப்பினப் பையனுக்கு மட்டும் மூன்று நாள் சஸ்பென்ஷன். மகள் வீட்டுக்கு வந்து அழுகிறாள். நாங்கள் என்ன செய்ய முடியும்?" மற்றொன்று: "எங்கள் ஸ்கூலின் கிஃப்டட் (கூடுதல் திறன் உள்ள பிள்ளைகளுக்கான) வகுப்பில் பாதிப் பேர் இந்தியப் பிள்ளைகள். கறுப்பினப் பிள்ளை ஒன்றுகூட இல்லை. இதை யாரிடம் போய்ச் சொல்வது? போர்டிலா, வாஷிங்டனுக்குப் புகாரா, வக்கீலா?"

கேட்பவர்களுக்கு மனம் இருக்கிறது, எந்தக் கதவைத் தட்டுவது என்பதுதான் தெரியவில்லை. தப்பான கதவைத் தட்டினால் மாதக்கணக்கில் காலம் போகும், அந்தக் குழந்தைக்கும் ஒன்றும் கிடைக்காது. அதனால் இருக்கிற வழிகளை ஒன்றோடு ஒன்று வைத்துப் பார்க்கலாம்.

அந்த மகள் பார்த்தது தற்செயல் இல்லை. மத்தியக் கல்வித்துறை 2017-18 கல்வியாண்டுக்குத் திரட்டிய கணக்கில், பப்ளிக் ஸ்கூல் மாணவர்களில் கறுப்பினத்தவர் சுமார் 15 சதவீதம். பள்ளிக்கு வரக்கூடாது என்று சஸ்பெண்ட் செய்யப்பட்டவர்களில் அவர்கள் சுமார் 38 சதவீதம். ப்ரீஸ்கூலிலேயே இது தொடங்கிவிடுகிறது: சேர்ந்திருந்த குழந்தைகளில் சுமார் 18 சதவீதம் கறுப்பினக் குழந்தைகள், சஸ்பெண்ட் ஆனவர்களில் சுமார் 43 சதவீதம். ஷூ லேஸ் கட்டத் தெரியாத வயதில் பள்ளியை விட்டு வெளியே அனுப்பப்படும் பிள்ளைகள் இவர்கள்.

"இது நம் சண்டையா?" என்று கேட்பவர்களும் உண்டு. கறுப்பின மக்கள் அடிபட்டுப் போராடித்தான் 1964ஆம் ஆண்டின் சிவில் உரிமைச் சட்டம் வந்தது. அதே காலத்தின் அழுத்தத்தில்தான் 1965ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டமும் வந்து, ஆசியர்களுக்கு இருந்த பழைய தடையை உடைத்தது. நம் வீட்டுப் பிள்ளையைப் பெயரையோ நிறத்தையோ வைத்து ஒரு பள்ளி ஒதுக்கினால், நாம் பிடித்துக்கொள்ளப் போவதும் அதே 1964 சட்டத்தைத்தான். எனக்கு இதில் தயக்கமே இல்லை: இது நம் சண்டையும்தான்.

## எதை வைத்து அளப்பது

முதல் கேள்வி: சிக்கல் ஒரு குழந்தையுடையதா, ஒரு விதியுடையதா? நேற்று சஸ்பெண்ட் ஆன பையனுக்கு இந்த வாரமே ஆள் வேண்டும். கிஃப்டட் தேர்வு நடக்கும் முறையை மாற்றுவதற்கு ஒரு வருடமாவது வேண்டும். இரண்டையும் ஒரே கூட்டத்தில் பேசப் போய் இரண்டையும் கெடுத்துக்கொள்வதுதான் அடிக்கடி நடக்கிறது.

அடுத்தது காலம், பணம், கையில் வேண்டிய ஆதாரம். இவை எல்லோருக்கும் புரிபவை.

நான் இவற்றைவிடப் பெரிதாக நினைப்பவை இன்னும் இரண்டு. கிடைத்தது நிலைக்குமா? பிரின்சிபல் மாறினால், போர்டு மாறினால், அரசு மாறினால் அது என்ன ஆகும்? அப்புறம், இதற்கான விலையை யார் கொடுக்கிறார்கள்? நீங்கள் பேசிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவீர்கள். அந்தக் கறுப்பினக் குழந்தை மறுநாள் காலையில் அதே வகுப்பறைக்குள் போக வேண்டும். அந்தக் குடும்பத்தைக் கேட்காமல் எடுக்கும் எந்த வழியும், எவ்வளவு நல்ல எண்ணத்தோடு எடுத்தாலும், தப்பான வழிதான்.

## பள்ளிக்குள்ளேயே பேசுவது

ஆசிரியர், கவுன்சிலர், பிரின்சிபல் என்று படிப்படியாகப் போவது. செலவு இல்லை, நாட்கணக்கில் முடியலாம். ஒரு குழந்தையின் விஷயம் என்றால் இங்கேதான் தொடங்க வேண்டும்.

இதற்குச் சட்டப் பின்னணியும் உண்டு. ஒஹையோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் மாணவர்களை விசாரிக்காமலேயே சஸ்பெண்ட் செய்ததை எதிர்த்து எழுந்த வழக்கில், 1975இல் உச்ச நீதிமன்றம் கோஸ் எதிர் லோபெஸ் தீர்ப்பைத் தந்தது. பத்து நாள் வரையிலான சஸ்பென்ஷனுக்குக்கூட, என்ன குற்றச்சாட்டு என்று மாணவரிடம் சொல்ல வேண்டும், அவர் மறுத்தால் என்ன ஆதாரம் என்று விளக்க வேண்டும், அவர் தரப்பைக் கேட்க வேண்டும் என்பது அதன் சாரம். பல குடும்பங்களுக்கு இது தெரியாது. குழந்தைக்கு ஐ.இ.பி. எனப்படும் சிறப்புக் கல்வித் திட்டம் இருந்தால் பாதுகாப்பு இன்னும் கூடுதல்: சஸ்பென்ஷன் பத்துப் பள்ளி நாட்களைத் தாண்டி, பிள்ளையின் கல்வி ஏற்பாட்டையே மாற்றியதற்குச் சமம் என்ற அளவுக்குப் போனால், அந்த நடத்தைக்குக் காரணம் குறைபாடுதானா என்று பள்ளி கூடிப் பார்த்தே ஆக வேண்டும். இந்தத் தகவலைப் பையனின் அம்மாவிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதும், அவர் கேட்டால் கூட்டத்துக்குத் துணைக்குப் போய்க் குறிப்பெடுப்பதும் பக்கத்து வீட்டுக்காரர் செய்யக்கூடிய பெரிய உதவிகள்.

நீங்கள் அந்தக் குழந்தையின் பெற்றோர் இல்லை என்பதை மறக்க வேண்டாம். 1974ஆம் ஆண்டின் மாணவர் பதிவேட்டுத் தனியுரிமைச் சட்டப்படி, இன்னொருவர் பிள்ளையின் விவரத்தைப் பள்ளி உங்களிடம் பேசக்கூடாது. "என் மகள் பார்த்தது இது, அவள் மனம் பாதிக்கப்பட்டிருக்கிறது" என்று உங்கள் பிள்ளையின் சாட்சியத்தை மட்டும் எழுத்தில் கொடுக்கலாம். அதை மின்னஞ்சலாகவே கொடுங்கள். தேதியோடு இருக்கும் ஒரு மின்னஞ்சல் பின்னால் எந்த வழிக்குப் போனாலும் உதவும்.

மறைந்திருக்கும் செலவு காலம்தான். "பார்க்கிறோம், பேசுகிறோம்" என்று பள்ளி இழுத்துக்கொண்டே போகும்போது, பின்னால் சொல்லப்போகும் புகாருக்கான கெடு ஓடிக்கொண்டிருக்கும். நிலைப்பும் குறைவு. ஒரு நல்ல பிரின்சிபல் ஒத்துக்கொண்டது அவர் மாற்றலாகிப் போனதும் போய்விடும்.

பெற்றோர்-ஆசிரியர் சங்கமான பி.டி.ஏ. பற்றி ஒரு வார்த்தை. நிதி திரட்டவும் விழா நடத்தவும் அது நல்ல அமைப்பு. ஆனால் தண்டனை விதிகளை அது மாற்ற முடியாது. அங்கே வருகிறவர்கள் பகலில் நேரம் கிடைக்கிற பெற்றோர். ஷிஃப்ட் வேலை பார்க்கும் கறுப்பினத் தாய் அந்த அறையில் பெரும்பாலும் இருக்க மாட்டார்.

## ஸ்கூல் போர்டு

என் கணிப்பில், நம்மைப் போன்ற பெற்றோருக்கு அதிகப் பலன் தரும் இடம் இதுதான், அதனால் இங்கே கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

நாட்டில் சுமார் 13,000 பள்ளி மாவட்டங்கள் இருக்கின்றன. யாரை கிஃப்டட் வகுப்பில் சேர்ப்பது, எந்தத் தப்புக்கு சஸ்பென்ஷன், பள்ளிக்குள் போலீஸ் வேண்டுமா, ஆசிரியர்களை எங்கே போய்த் தேடுவது என்பதையெல்லாம் பெரும்பாலும் மாவட்டமே முடிவுசெய்கிறது. மாவட்டத்தை நிர்வகிக்கும் குழுவான போர்டில் இருப்பவர்கள் வழக்கமாக ஐந்து முதல் ஒன்பது பேர். அவர்களைத் தேர்ந்தெடுக்கும் தேர்தலுக்கு வந்து ஓட்டுப் போடுகிறவர்கள் மிகக் குறைவு. கூட்டத்தில் பொதுமக்கள் இரண்டு மூன்று நிமிடம் பேசலாம். ஐம்பது பெற்றோர் ஒரே கோரிக்கையோடு தொடர்ந்து வந்தால், போர்டு அதைப் பொருட்படுத்தாமல் இருப்பது கடினம்.

கோரிக்கை எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஃபுளோரிடாவின் ப்ரோவர்ட் கவுண்டியைப் பாருங்கள். அங்கே மாணவர்களில் பாதிக்கும் மேல் கறுப்பின, லத்தீன் (லத்தீன் அமெரிக்க வம்சாவளி) பிள்ளைகள். கிஃப்டட் பட்டியலிலோ அவர்கள் 28 சதவீதம். ஆசிரியரோ பெற்றோரோ பரிந்துரைத்தால்தான் சோதனை என்பது அப்போதைய முறை. விவரம் தெரிந்த பெற்றோர் காசு கொடுத்துத் தனியார் உளவியலாளரிடம் சோதித்துச் சான்று வாங்கி வந்தார்கள். 2005இல் மாவட்டம் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரு முதற்கட்டச் சோதனையைப் பள்ளியிலேயே வைத்தது. தகுதி மதிப்பெண்ணைக் குறைக்கவே இல்லை. பிறகு நடந்த ஆய்வின்படி, கிஃப்டட் வகுப்பில் சேர்ந்த கறுப்பினப் பிள்ளைகளின் விகிதம் சுமார் 80 சதவீதமும், லத்தீன் பிள்ளைகளின் விகிதம் சுமார் 130 சதவீதமும் கூடியது. அந்தப் பிள்ளைகள் எப்போதும் அங்கேதான் இருந்தார்கள். அவர்களை யாரும் பரிந்துரைக்கவில்லை, அவ்வளவுதான்.

அதே கதையின் பின்பாதியையும் சொல்ல வேண்டும். 2008க்குப் பிறகு வந்த பொருளாதார நெருக்கடியில் மாவட்டம் இந்தச் சோதனைக்கான செலவை வெட்டியது. இடைவெளி திரும்ப வந்தது. போர்டிடம் தீர்மானம் வாங்கினால் மட்டும் போதாது, ஆண்டு பட்ஜெட்டில் தனிச் செலவினமாக அது நிற்கிறதா என்று ஒவ்வொரு வசந்த காலமும் பார்க்க வேண்டும்.

நம் சமூகம் நேரடியாகத் தொடர்புபட்டிருக்கும் இடமும் இதுதான். கிஃப்டட் சோதனைக்குக் கோச்சிங் அனுப்புகிறோம், பயிற்சிப் புத்தகம் வாங்குகிறோம், பள்ளி ரேட்டிங்கைப் பார்த்து வீடு வாங்குகிறோம். பிள்ளைக்கு நல்லது செய்வதில் குற்றம் ஏதும் இல்லை. ஆனால் "எல்லோருக்கும் பள்ளியிலேயே சோதனை வையுங்கள்" என்று போர்டில் ஒரு இந்தியப் பெற்றோர் எழுந்து சொன்னால் அதற்குத் தனி எடை உண்டு, ஏனென்றால் பழைய முறையால் பலன் பெற்றவர் கேட்கிறார். இதற்கு ஒரு விலையும் உண்டு. வாட்ஸாப் குழுவில் நம் ஆட்களே "நம்ம பசங்க சீட்டுக்கு ஏன் வேட்டு வைக்கிறாய்?" என்று கேட்பார்கள். தகுதி மதிப்பெண் மாறவில்லை என்பதை அங்கே பொறுமையாகச் சொல்ல வேண்டியிருக்கும்.

போர்டிடம் கேட்க இன்னொரு நல்ல விஷயம் ஆசிரியர் நியமனம். 2020-21இல் பப்ளிக் ஸ்கூல் ஆசிரியர்களில் சுமார் 80 சதவீதம் வெள்ளையர், கறுப்பினத்தவர் சுமார் 6 சதவீதம். மூன்றாம் வகுப்புக்குள் ஒரு கறுப்பின ஆசிரியரிடமாவது படித்த கறுப்பினப் பிள்ளைகள் கல்லூரியில் சேரும் வாய்ப்பு 13 சதவீதம் கூடுதல் என்று டென்னஸி மாநிலத் தரவை வைத்து நடந்த ஆய்வு சொல்கிறது. நியமனத்தில் இனத்தைப் பார்த்து ஒருவரைத் தேர்ந்தெடுக்கச் சட்டம் இடம் தராது. ஆனால் கறுப்பின மாணவர்களுக்கென்றே அந்தக் காலத்தில் தொடங்கப்பட்ட வரலாற்றுக் கறுப்பினக் கல்லூரிகளுக்குப் போய் ஆள் தேடுவதையும், உள்ளூர் உதவி ஆசிரியர்கள் படித்து ஆசிரியராக வழிசெய்வதையும் யாரும் தடுக்கவில்லை.

கலிஃபோர்னியாவின் ஓக்லாந்து மாவட்டம் 2010இல் கறுப்பின ஆண் பிள்ளைகளின் முன்னேற்றத்துக்கென்றே ஒரு துறையைத் தொடங்கியது. கறுப்பின ஆண் ஆசிரியர்கள் நடத்தும் ஒரு பாடவேளை அதன் மையம். அது கிடைத்த பள்ளிகளில் படிப்பை இடையில் விடும் கறுப்பின ஆண் பிள்ளைகளின் எண்ணிக்கை 43 சதவீதம் குறைந்ததாக ஸ்டான்ஃபோர்டு ஆய்வு ஒன்று கண்டது. அந்தப் பாடம் எடுக்காத கறுப்பினப் பெண் பிள்ளைகளிடமும் ஓரளவு குறைவு தெரிந்தது என்பது எனக்கு மிகப் பிடித்த செய்தி.

## சிவில் உரிமைகள் அலுவலகத்தில் புகார்

1964 சட்டத்தின் ஆறாம் பிரிவு, மத்திய அரசின் பணம் வாங்கும் எந்தப் பள்ளியும் இனம், நிறம், பூர்விக நாடு பார்த்துப் பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது. மீறினால் மத்தியக் கல்வித்துறையின் சிவில் உரிமைகள் அலுவலகத்துக்கு எழுதலாம். பணம் வேண்டாம், வக்கீல் வேண்டாம், குடியுரிமை வேண்டாம். பாதிக்கப்பட்டவர்தான் எழுத வேண்டும் என்பதும் இல்லை. ஆனால் ஒரு குறிப்பிட்ட குழந்தையைப் பற்றி எழுதினால், அதன் பெற்றோரின் எழுத்துபூர்வமான சம்மதத்தை அலுவலகம் கேட்கும். கேட்காவிட்டாலும் நீங்கள் வாங்க வேண்டும்.

கெடு 180 நாள். பாகுபாடு நடந்த கடைசி நாளிலிருந்து எண்ண வேண்டும். பள்ளியோடு பேச்சு நடக்கிறது என்பதற்காக அது தானாக நிற்காது.

காகிதத்தில் மிக வலுவான வழி இது. ஓக்லாந்தில் கறுப்பின மாணவர்களின் சஸ்பென்ஷன் அளவுக்கு மீறி இருப்பதை இந்த அலுவலகம் தானாகவே ஆய்வுக்கு எடுத்ததால், 2012இல் மாவட்டம் ஐந்தாண்டு உடன்பாட்டுக்கு வந்தது. இப்போதைய நிலை வேறு. 2025 மார்ச்சில் கல்வித்துறை தன் ஊழியரில் பாதிப் பேர் அளவுக்குக் குறைக்கும் முடிவை எடுத்தது, இந்த அலுவலகத்தின் 12 மண்டலக் கிளைகளில் 7ஐ மூடுவதும் அதில் அடக்கம். அடுத்த மாதமே, ஒரு விதி எழுத்தில் பொதுவாக இருந்தாலும் விளைவில் ஒரு இனத்தைத் தாக்குகிறது என்ற வாதத்துக்கு முக்கியத்துவம் தர வேண்டாம் என்று அதிபரின் ஆணை வந்தது. தண்டனைப் பாகுபாடு குறித்து 2014இல் வந்த மத்திய வழிகாட்டுதல் 2018 டிசம்பரிலேயே திரும்பப் பெறப்பட்டிருந்தது. அரசு மாறினால் இந்தக் கதவின் அகலமும் மாறும்.

இதே கதவை எதிர்த்தரப்பும் தட்டுகிறது. லாஸ் ஏஞ்சலிஸில் மாணவர் போராட்டங்களுக்குப் பிறகு 2021 பிப்ரவரியில் போர்டு 36.5 மில்லியன் டாலரைக் கறுப்பின மாணவர் முன்னேற்றத் திட்டத்துக்கு ஒதுக்கியது, பள்ளிப் போலீஸ் செலவைக் குறைத்தது. 2023இல் வெளிமாநில அமைப்பு ஒன்று, திட்டமே பாகுபாடு என்று இந்த அலுவலகத்தில் புகார் கொடுத்தது. அடுத்த ஆண்டு மாவட்டம் இனத்தை அளவுகோலாகக் குறிப்பிடும் வாசகத்தை மாற்றியது. சிகாகோவின் கறுப்பின மாணவர் வெற்றித் திட்டத்தின் மேல் 2025 ஏப்ரலில் மத்திய விசாரணை தொடங்கியது. எல்லாக் குழந்தைக்கும் சோதனை, எல்லாப் பள்ளிக்கும் சஸ்பென்ஷன் வரம்பு என்று பொதுவாக எழுதப்பட்ட விதிகளை நான் போர்டு பகுதியில் முன்னே வைத்ததற்கு இதுவும் ஒரு காரணம். அவற்றை இந்த வகைப் புகாரால் வீழ்த்துவது கடினம்.

அப்படியானால் புகார் வீணா? இல்லை. இனத்தைச் சொல்லித் திட்டியது, ஆசிரியருக்குத் தெரிந்தும் தடுக்காதது, ஒரே தப்புக்கு ஒரே நாளில் வெள்ளைப் பிள்ளைக்கு ஒரு தண்டனை, கறுப்பினப் பிள்ளைக்கு வேறு தண்டனை என்று நேரடியான ஆதாரம் இருந்தால் கெடுவுக்குள் எழுதிவையுங்கள். பதிலுக்குக் காத்திருந்து வேறு வேலையை நிறுத்த வேண்டாம்.

## வழக்கு

நம் நினைவில் பெரிதாக நிற்பது 1954 மே 17, பப்ளிக் ஸ்கூல்களில் பிள்ளைகளை இனவாரியாகப் பிரிப்பது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்ன பிரவுன் தீர்ப்பு. பலரும் மறந்துவிடுவது அதற்கு யார் என்ன விலை கொடுத்தார்கள் என்பதை.

பிரவுன் என்பது ஐந்து வழக்குகளின் தொகுப்பு. அதில் ஒன்று தென் கரோலினாவின் கிளாரண்டன் கவுண்டியில், வெள்ளைப் பிள்ளைகளுக்கு முப்பது பஸ் இருக்கும்போது எங்களுக்கு ஒன்று தாருங்கள் என்ற கோரிக்கையில் தொடங்கியது. மனுவில் கையெழுத்திட்ட ஹாரி பிரிக்ஸ் பெட்ரோல் பங்க் வேலையை இழந்தார். அவர் மனைவி எலைசாவின் வேலையும் போனது. இன்னொன்று வர்ஜீனியாவின் பிரின்ஸ் எட்வர்டு கவுண்டி. 1951 ஏப்ரல் 23 அன்று பார்பரா ஜான்ஸ் என்ற 16 வயது மாணவி தன் பள்ளியையே வேலைநிறுத்தத்தில் இறக்கினார். 180 பேருக்குக் கட்டிய பள்ளியில் 450 பேருக்கு மேல் படித்தார்கள், தார்ப்பேப்பர் ஒட்டிய கொட்டகைகளில் வகுப்பு நடந்தது. வழக்கு ஜெயித்தது. கவுண்டி என்ன செய்தது? சேர்த்துப் படிக்கவைப்பதைவிட மூடிவிடுவதே மேல் என்று 1959இல் எல்லாப் பப்ளிக் ஸ்கூலையும் பூட்டியது. வெள்ளைப் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி திறக்கப்பட்டது. உச்ச நீதிமன்றம் மறுபடி தலையிட்டு 1964இல் பள்ளிகள் திறக்கும்வரை ஐந்து ஆண்டுகள். பல கறுப்பினப் பிள்ளைகளின் படிப்பு அதோடு முடிந்துபோனது. பிரவுனுக்குப் பிறகான பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில், 17 தென், எல்லை மாநிலங்களில் சுமார் 38,000 கறுப்பின ஆசிரியர்களும் தலைமையாசிரியர்களும் வேலையிழந்ததாகக் கணக்கு. பள்ளிகளைச் சேர்த்தார்கள், ஆனால் ஆசிரியர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை.

பிரவுன் தேவையில்லை என்று இதற்குப் பொருள் எடுக்க வேண்டாம், அது இல்லாமல் எதுவும் தொடங்கியிருக்காது. வழக்குக்குப் போகும் குடும்பத்தின் பின்னால் நிற்க ஆள் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

இன்று மத்திய நீதிமன்றத்தின் கதவு இன்னும் குறுகியது. பள்ளிகளுக்குச் சமமான நிதி என்பது மத்திய அரசியல் சட்ட உரிமை இல்லை என்று 1973இல் ரோட்ரிகெஸ் தீர்ப்பு சொன்னது. நகரத்தின் பிரிவினைக்குப் புறநகர் மாவட்டங்களை இழுக்க முடியாது என்று 1974இல் டெட்ராய்ட் வழக்கு சொன்னது. ஆறாம் பிரிவின் கீழ் விளைவைக் காட்டித் தனிநபர் வழக்குத் தொடர முடியாது, வேண்டுமென்றே செய்ததாக நிரூபிக்க வேண்டும் என்று 2001இல் சாண்டோவல் தீர்ப்பு வந்தது. "வேண்டுமென்றே" என்பதை நிரூபிப்பது எவ்வளவு கடினம் என்று சொல்லத் தேவையில்லை.

மாநில நீதிமன்றங்களில் கொஞ்சம் இடம் இருக்கிறது. நியூஜெர்சியின் எடிசன் பக்கம் இருப்பவர்கள் தங்கள் மாநில வழக்கைக் கவனித்திருக்கலாம்: நியூஜெர்சி அரசியல் சட்டமே பள்ளியில் இனப் பிரிவினையைத் தடுக்கிறது. அதை வைத்து 2018 மே 17 அன்று மாநிலத்தின் மேல் வழக்குத் தொடர்ந்தார்கள். 2023 அக்டோபரில் நீதிபதி, பல மாவட்டங்களில் பிரிவினை இருப்பதை ஏற்றார், ஆனால் மாநிலம் முழுவதும் அப்படி என்று நிறுவப்படவில்லை என்றார். ஐந்தாண்டுக்குப் பிறகு கிடைத்தது அது. மழலைப் பள்ளியில் இருந்த பிள்ளை அதற்குள் ஐந்தாம் வகுப்பு.

## மாநிலச் சட்டம்

முடி விஷயத்தில் இது நன்றாக வேலை செய்திருக்கிறது. பின்னலும் சடைமுடியும் வைத்ததற்காகக் கறுப்பினப் பிள்ளைகளைத் தண்டிப்பதைத் தடுக்கும் கிரவுன் சட்டத்தைக் கலிஃபோர்னியா 2019இல் முதலில் இயற்றியது, பின்பு இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் சேர்ந்தன. டெக்சஸில் 2023 செப்டம்பரில் அமலானது. ஆனாலும் ஹூஸ்டன் அருகே ஒரு மாவட்டம், சடைமுடி சரி, நீளம்தான் பிரச்சினை என்று ஒரு மாணவரை மாதக்கணக்கில் வகுப்புக்கு வெளியே வைத்தது. நீளத்தைச் சட்டம் சொல்லவில்லை என்று 2024 பிப்ரவரியில் நீதிபதியும் மாவட்டத்தின் பக்கம் நின்றார். சட்டம் எழுதும்போதே ஓட்டையைத் தேடி அடைக்க, அந்த அனுபவம் உள்ளவர்கள் அறையில் இருக்க வேண்டும்.

## ஏற்கெனவே போராடிக்கொண்டிருப்பவர்களோடு சேர்வது

பெரும்பாலான ஊர்களில் 1909இல் தொடங்கிய கறுப்பின உரிமை அமைப்பான என்.ஏ.ஏ.சி.பி.யின் கிளையோ, கறுப்பினப் பெற்றோர் சங்கமோ, தேவாலயக் கல்விக் குழுவோ இருக்கும். அவர்கள் இந்தக் கேள்விகளை நமக்கு முன்பே பல ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருப்பவர்கள். 1964 பிப்ரவரி 3 அன்று நியூயார்க்கில் நாலரை லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் பள்ளியைப் புறக்கணித்தார்கள், அதை நடத்தியவர்கள் உள்ளூர்ப் பெற்றோரும் பாதிரியார்களும்தான். அவ்வளவு பெரிய கூட்டம் வந்தும் நகரக் கல்வி வாரியம் பெரிதாக அசையவில்லை. ஒரு நாள் கூட்டத்தைவிடத் தொடர்ந்து போகும் ஐம்பது பேர் போர்டை அசைப்பார்கள் என்று நான் நம்புவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இதை மற்ற வழிகளுக்கு மாற்று என்று நான் பார்க்கவில்லை. எந்த வழிக்கும் இதுதான் முதல் படி. நமக்கு இதில் ஆகும் செலவு, தலைமை நம் கையில் இராது என்பது. தமிழ்ச் சங்கத்தில் மேடை ஏறிப் பழகியவர்களுக்கு அது கொஞ்சம் கஷ்டம். நாற்காலி போடுவது, கார் ஓட்டிக் கூட்டிப்போவது, தரவை அட்டவணையாக்கித் தருவது என்று அவர்கள் கேட்பதைச் செய்ய வேண்டும்.

## ஒரே பார்வையில்

| வழி | காலம் | பணம் | சுமை யார் மேல் | நிலைப்பு |
|---|---|---|---|---|
| பள்ளிக்குள் பேச்சு | நாட்கள், வாரங்கள் | இல்லை | குழந்தையும் குடும்பமும் | பிரின்சிபல் இருக்கும்வரை |
| ஸ்கூல் போர்டு | ஓராண்டு, அதற்கு மேல் | மிகக் குறைவு, மாலை நேரங்கள் போகும் | பேசும் பெற்றோர் | பட்ஜெட்டும் தேர்தலும் பொறுத்து |
| சிவில் உரிமைப் புகார் | நிச்சயமில்லை | இல்லை | பெயர் கொடுத்த குடும்பம் | மத்திய அரசைப் பொறுத்து |
| வழக்கு | பல ஆண்டுகள் | மிக அதிகம், அமைப்பின் துணை வேண்டும் | வழக்காடும் குடும்பம் | தீர்ப்பு வந்தால் வலுவானது |
| மாநிலச் சட்டம் | சில ஆண்டுகள் | அமைப்புகள் ஏற்கும் | பரவலாகப் பிரியும் | வாசகம் சரியாக இருந்தால் நீண்டது |

## எப்போது எது

சண்டைக்கு சஸ்பெண்ட் ஆன பையன் என்றால், முதலில் அவன் வீட்டில் பேசுங்கள், பிறகு உங்கள் மகள் கண்டதை மின்னஞ்சலாகப் பிரின்சிபலுக்கு அனுப்புங்கள். அந்தக் குடும்பம் விரும்பினால், நாட்காட்டியில் 180ஆம் நாளைக் குறித்து வைத்துக்கொண்டு புகாருக்கான தாள்களைச் சேர்க்கத் தொடங்குங்கள்.

அதே மாதிரி தண்டனை வருடா வருடம் நடக்கிறது என்றால் போர்டு. கல்வித்துறையின் சிவில் உரிமைத் தரவுத் தொகுப்பில் உங்கள் பள்ளியின் பெயரைப் போட்டுத் தேடினால், எந்த இனத்துப் பிள்ளைகள் எத்தனை பேர் சஸ்பெண்ட் ஆனார்கள் என்று கிடைக்கும். அது சில ஆண்டு பழையது என்பதால், புதிய எண்ணிக்கையை மாநிலத்தின் பொதுப் பதிவேட்டுச் சட்டப்படி மாவட்டத்திடம் எழுதிக் கேளுங்கள். கிஃப்டட் வகுப்புக்கும் இதே பாதைதான், கோரிக்கை ஒற்றை வரியாக இருக்கட்டும்: இரண்டாம் வகுப்பில் எல்லோருக்கும், பள்ளி நேரத்தில், இலவசமாகச் சோதனை.

மாவட்டமே இனத்தைப் பார்த்து எல்லை பிரிக்கிறது, பணத்தைப் பிரிக்கிறது என்ற அளவுக்குப் பெரியது என்றால், தனியாக வக்கீலைத் தேடாமல் மாநில அளவிலான சிவில் உரிமை அமைப்பிடம் போவதே சரி.

விசாவில் இருப்பவர்களின் தயக்கம் எனக்குப் புரிகிறது, அதனால் எல்லையைத் தெளிவாகச் சொல்கிறேன். எச்-1பி வேலை விசாவில் இருப்பவர்கள் போர்டு தேர்தலில் ஓட்டுப் போட முடியாது. கிரீன் கார்டு உள்ளவர்களும் பெரும்பாலான ஊர்களில் முடியாது. 2016இல் வாக்காளர்கள் ஒப்புக்கொண்டதால் குடியுரிமை இல்லாத பெற்றோரும் ஓட்டுப் போடும் சான் பிரான்சிஸ்கோ போன்ற இடங்கள் விதிவிலக்கு. கிரீன் கார்டு இல்லாதவர்கள் எந்த வேட்பாளருக்கும், உள்ளூர் போர்டு வேட்பாளருக்கும்கூட, நன்கொடை கொடுக்கக்கூடாது. அது மத்தியச் சட்டம், ஒரு டாலர்கூட வேண்டாம். ஆனால் கூட்டத்தில் பேசலாம், தரவு கேட்டு எழுதலாம், புகார் கொடுக்கலாம். போர்டு கூட்டத்தின் நிகழ்ச்சி நிரல் பொதுவாகச் சில நாள் முன்பே மாவட்டத்தின் இணையதளத்தில் வந்துவிடும், பேசுவதற்குப் பெயர் கொடுக்கும் முறையும் அங்கேயே இருக்கும்.